டன்பிளேன், 1996: கைத்துப்பாக்கித் தடை சட்டமான விதம்

1996 மார்ச் 13, புதன்கிழமை. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகருக்கு அருகே டன்பிளேன் என்ற சிற்றூர். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் காலைக் கூட்டம் முடிந்து, ஐந்தும் ஆறும் வயதான 28 குழந்தைகள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்குச் சற்றுப் பிறகு 43 வயது ஆண் ஒருவன் உள்ளே வந்தான். அவனிடம் நான்கு கைத்துப்பாக்கிகளும் 743 தோட்டாக்களும் இருந்தன. மூன்று நான்கு நிமிடங்களில், அந்த நான்கில் ஒரே ஒரு பிஸ்டலால் 105 முறை சுட்டான். 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்தார்கள். 15 பேர் காயமடைந்தார்கள். பிறகு ரிவால்வரை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொண்டான்.

அவன் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. அவன் கையில் இருந்த நான்கு துப்பாக்கிகளும் சட்டப்படி அவனுக்குச் சொந்தமானவை என்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு 9 மில்லிமீட்டர் பிரௌனிங் பிஸ்டல்கள், இரண்டு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்கள். அனைத்துக்கும் காவல் துறை வழங்கிய உரிமம் இருந்தது. 1977 முதலே உரிமம் வைத்திருந்தவன் அவன். கள்ளச் சந்தையோ கடத்தலோ இதில் இல்லை. அரசு சரிபார்த்து முத்திரையிட்ட ஆயுதங்களோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தான்.

அடுத்த இருபது மாதங்களில் பிரிட்டன் இரண்டு சட்டங்களை நிறைவேற்றிக் கைத்துப்பாக்கியைத் தனியாரின் கையிலிருந்து ஏறக்குறைய முழுமையாக எடுத்துவிட்டது. துயரம் பெரிதாக இருந்ததால் சட்டம் வந்தது என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. துயரம் எல்லா இடங்களிலும் பெரிதாகத்தான் இருக்கிறது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் திருத்தம் அமெரிக்க செனட்டில் 54 வாக்குகள் பெற்றும் தோற்றது. தேவைப்பட்டவை 60. அந்தச் சரிபார்ப்பை ஆதரித்தோர் மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. டன்பிளேனில் வேறு எது நடந்தது என்று பார்க்க வேண்டும்.

உரிமம் அவனிடம் தங்கிய விதம்

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, கைத்துப்பாக்கி வைத்திருக்க விரும்புகிறவர் காவல் துறைத் தலைவரிடம் தக்க காரணம் காட்ட வேண்டும். துப்பாக்கியை ஒப்படைக்கத் தகாதவர் என்று கருதப்படுபவருக்கு உரிமம் தரக்கூடாது. தற்காப்பைத் தக்க காரணமாக ஏற்பதில்லை என்பது பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக நிலவிய நடைமுறை. ஆகவே கைத்துப்பாக்கிக்கு மிஞ்சியிருந்த காரணம் அநேகமாக ஒன்றே: துப்பாக்கி சுடும் மன்றத்தில் சேர்ந்து இலக்கைக் குறிபார்த்துச் சுடுவது. அவனும் அந்தக் காரணத்தைத்தான் காட்டியிருந்தான்.

அவனைப் பற்றிய சந்தேகங்கள் புதியவை அல்ல. சிறுவர்களுக்கான மன்றங்களும் கோடை முகாம்களும் நடத்தி வந்தவன் அவன். சிறுவர்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் குறித்துப் பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். 1991இல் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவின் துப்பறிவாளர் ஒருவர், துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்வது பற்றித் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்பினார். அந்தக் குறிப்பின் மேல் 'நடவடிக்கை இல்லை' என்று எழுதப்பட்டது. அவன் மீது குற்றத் தண்டனை எதுவும் இல்லை, நிலுவையில் வழக்கும் இல்லை. உரிமம் அதன் பிறகும் புதுப்பிக்கப்பட்டது.

அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு விவாதத்தை அங்கேயே முடித்திருக்கலாம். ஓர் அதிகாரி தவறினார், அவரைத் தண்டித்தால் சட்டம் சரியாகிவிடும் என்று நாடு சமாதானமடைந்திருக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தோரின் அமைப்புகள் விரும்பியதும் அதைத்தான். இருக்கும் சட்டத்தை ஒழுங்காகச் செயல்படுத்துங்கள், எங்களைத் தொடாதீர்கள் என்றார்கள். உண்மையில் தவறு நடந்தும் இருந்தது. உரிமத்தை ரத்து செய்யப் போதிய காரணம் இருந்தது, அதன்படி செய்திருக்க வேண்டும் என்று விசாரணை நடத்திய கல்லன் பிரபு பின்னர் எழுதினார். அறிக்கை வந்ததும் காவல் துறைத் துணைத் தலைவர் பதவி விலகினார்.

ஆனால் அந்தத் துறை ஒழுங்காக இயங்கியிருந்தால் இப்படிப்பட்ட எல்லோரையும் பிடித்திருக்குமா? இந்தக் கேள்வியை டன்பிளேன் மக்கள் விடவில்லை.

கையெழுத்துகள்

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் அன்று அன்னையர் தினம். நாடு முழுவதும் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அரசியார் டன்பிளேனுக்கு வந்தார். உலகின் கேமராக்களெல்லாம் அந்தச் சிற்றூரின் தெருக்களில் குவிந்திருந்தன. இறுதிச் சடங்குகளுக்கு முன் ஊடகத்தார் ஊரை விட்டு விலக வேண்டும் என்ற வேண்டுகோள் எழுந்தது. பெரும்பாலோர் அதற்கு மதிப்பளித்தார்கள்.

அதே வாரங்களில்தான் ஸ்னோடிராப் இயக்கம் தொடங்கியது. பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்கு வேண்டியவர்களான சில பெண்கள் இதை ஆரம்பித்தார்கள். முன்னின்று பேசியவர் ஆன் பியர்ஸ்டன். மார்ச் மாதத்துக் குளிரில் பூத்திருந்த சிறிய வெள்ளைப் பூவின் பெயரை இயக்கத்துக்கு வைத்தார்கள். அவர்களுக்குக் கட்சிப் பின்புலம் கிடையாது, பிரசாரம் செய்த அனுபவம் கிடையாது, பணமும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு கோரிக்கை: தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்யுங்கள்.

கோரிக்கையை இவ்வளவு குறுக்கியதை அந்த இயக்கத்தின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நான் கருதுகிறேன். மனநலப் பரிசோதனையைக் கூட்டுங்கள், பள்ளிக்குக் காவல் போடுங்கள், உரிமக் காலத்தைக் குறையுங்கள், படங்களில் வன்முறையைத் தணிக்கை செய்யுங்கள் என்று பத்துக் கோரிக்கைகளை அடுக்கியிருந்தால் அரசு எளிதான நான்கை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பியிருக்கும். 'உங்கள் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுவிட்டோம்' என்ற வாசகம் எந்த ஊர் அமைச்சருக்கும் மனப்பாடம். ஒற்றைக் கோரிக்கையிடம் அப்படி நழுவ முடியாது. ஆம் என்று சொல்ல வேண்டும் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

கோடைக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. ஸ்காட்லாந்தின் ஞாயிறு இதழ் ஒன்று தனியாக நான்கு லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டியது. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தி ஆதரவு தெரிவிக்கும் காலமல்ல அது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு தாள், ஒரு பேனா, நின்று வாசித்துப் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். அந்தத் தாள்கள் பெட்டி பெட்டியாக நாடாளுமன்றத்துக்குப் போயின. திரையரங்குகளில் ஓடிய இயக்கத்தின் விளம்பரத்துக்கு நடிகர் ஷான் கானரி குரல் கொடுத்தார். அந்த இலையுதிர் காலத்தில் ஆன் பியர்ஸ்டன் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் மாநாட்டு மேடையில் பேசினார்.

மறுதரப்பு

துப்பாக்கி சுடுவோரை அரக்கர்களாக வரைவது நியாயமல்ல. அவர்களில் பெரும்பாலோர் விதிகளை மதித்து, வார இறுதியில் மன்றத்துக்குப் போய், பெட்டியைப் பூட்டிவிட்டு வீடு திரும்பியவர்கள். ஒலிம்பிக்கிலும் காமன்வெல்த் போட்டிகளிலும் நாட்டுக்காகச் சுட்டவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஒருவனுடைய கொடுஞ்செயலுக்காக ஆயிரக்கணக்கானோர் தண்டிக்கப்படுகிறார்கள் என்று அவர்கள் சொன்னது பொய்யான உணர்வு அல்ல. உணர்ச்சி வேகத்தில் சட்டம் இயற்றக் கூடாது என்ற எச்சரிக்கையும் பொதுவாகச் சரியானதுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் அரசியாரின் கணவர் இளவரசர் பிலிப் பிபிசி வானொலியில் இந்தத் தரப்பின் வாதத்தை எல்லோருக்கும் நினைவில் நிற்கும்படி சொன்னார். கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் பள்ளிக்குள் புகுந்து மட்டையால் பலரை அடித்துக் கொன்றால் கிரிக்கெட் மட்டையைத் தடை செய்வீர்களா என்று கேட்டார். பிள்ளைகளை இழந்தவர்கள் கொதித்தார்கள். அரண்மனை பிறகு வருத்தம் தெரிவித்தது.

பேசிய நேரமும் சொல்லும் புண்படுத்தின என்பது ஒரு பக்கம். வாதமே தவறு என்பது எனக்கு அதைவிட முக்கியம். மட்டையோடு வருகிறவனை நாலு பெரியவர்கள் சேர்ந்து மடக்கலாம். ஓடித் தப்பலாம், கதவைச் சாத்தலாம். அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு மனிதன் கெட்டவனாக இருப்பது ஒரு விஷயம். மூன்று நிமிடத்தில் அவனால் எத்தனை உயிர் எடுக்க முடியும் என்பது இன்னொன்று. முதலாவதைச் சட்டம் தடுப்பது கடினம். இரண்டாவதைத் தடுக்கலாம்.

தயக்கமும் தேர்தலும்

அன்றைய ஸ்காட்லாந்து அமைச்சர் மைக்கேல் ஃபோர்சைத் டன்பிளேனை உள்ளடக்கிய தொகுதியின் உறுப்பினர்; ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். எதிர்க்கட்சியின் ஸ்காட்லாந்து விவகாரப் பொறுப்பாளர் ஜார்ஜ் ராபர்ட்சன் அதே ஊரில் குடியிருந்தவர். கொலையாளியைப் பற்றி இருவருக்குமே முன்பே தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போனார்கள். கட்சிச் சண்டையாகிச் சிதறிப் போகாமல் விவாதத்தை முதல் வாரங்களில் காத்ததில் இதற்குப் பங்கு உண்டு.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. கோடையில் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு கட்சி வாரியாகப் பிளந்தது. கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களின் பெரும்பான்மையால், கைத்துப்பாக்கித் தடை தேவையில்லை என்று அறிக்கை தந்தது. குடும்பங்களின் கோபம் மீண்டும் மூண்டது.

கல்லன் பிரபுவின் அறிக்கை அக்டோபர் 16 அன்று வெளிவந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்கத்தக்கதாகப் படுவது அந்த ஆவணம்தான். எந்த மனிதன் எப்போது கொலைகாரனாக மாறுவான் என்று உறுதியாக முன்கூட்டிச் சொல்லும் வழி இல்லை, எவ்வளவு இறுக்கினாலும் உரிமம் வழங்கும் முறையால் அதை முற்றிலும் தடுக்க முடியாது என்பது அதன் முடிவு. ஆகவே துப்பாக்கி கிடைப்பதையே கட்டுப்படுத்த வேண்டும் என்றார். அதற்கு அவர் முதலில் முன்வைத்த வழி இது: மன்றத்தில் சுடாத நேரத்தில் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து வைப்பது. துப்பாக்கியின் முக்கியமான பாகத்தைக் கழற்றி மன்றத்தில் வைத்துவிட வேண்டும். அல்லது குழலுக்குள் அடைப்பு ஒன்றைச் செருகிப் பூட்ட வேண்டும். சாவி மன்றப் பொறுப்பாளரிடம் இருக்கும். இது சாத்தியப்படாவிட்டால் தனிநபர் அவற்றை வைத்திருப்பதைத் தடை செய்யலாம் என்றார்.

இதை நடைமுறையில் நினைத்துப் பாருங்கள். ஒருவர் துப்பாக்கியையும் இன்னொருவர் அதன் பாகத்தையும் வைத்திருக்கிறார். மாற்றுப் பாகம் ஒன்று வாங்கினால் முடிந்தது. சாவியை வைத்திருப்பவர் அவருடைய பல ஆண்டு நண்பர். நாட்டில் அப்போது சட்டப்படி இரண்டு லட்சம் கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கதையும் ஒரு பூட்டையும் ஒரு மனிதரின் கவனத்தையும் நம்பியிருக்கும். 1991இன் குறிப்பின் மேல் எழுதப்பட்ட அந்த இரண்டு சொற்களைப் பார்த்த பிறகும் இன்னொரு கவனத்தை நம்பச் சொன்னால் பெற்றோர் எப்படி நம்புவார்கள்? கல்லனின் தர்க்கம் முழுத் தடையை நோக்கியே போனது, பரிந்துரை மட்டும் பாதியில் நின்றது என்பது என் வாசிப்பு.

அரசும் அதை உணர்ந்தது. பாகம் கழற்றும் யோசனையை ஒதுக்கிவிட்டு, அறிக்கை வந்த அன்றே உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் கூடுதலாக ஓர் அடி எடுத்து வைத்தார். குழலின் உள்விட்டம் .22 அங்குலத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் அனைத்துக்கும் தடை; .22 வகையை மட்டும் பலத்த காவலுள்ள மன்றங்களில் வைத்துச் சுடலாம். நாட்டிலுள்ள கைத்துப்பாக்கிகளில் 80 சதவீதம், அதாவது 1,60,000 அழிக்கப்படும் என்றார். சட்டம் 1997 பிப்ரவரியில் நிறைவேறியது.

இவ்வளவு கிடைத்தது போதும் என்று ஸ்னோடிராப் இயக்கம் ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஓயவில்லை. .22 துப்பாக்கியும் கொல்லும் என்றார்கள். 1997 மே தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை மிச்சமிருந்த வகையையும் தடை செய்ய 203 வாக்கு வித்தியாசத்தில் ஆதரவளித்தது. நவம்பரில் இரண்டாவது சட்டம் வந்தது. வடக்கு அயர்லாந்துக்கு மட்டும் இது பொருந்தாது.

துப்பாக்கிகளை ஒப்படைத்தவர்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. ஒரே நிலையான தொகையைப் பெற்றுக்கொள்ளலாம், அரசு வெளியிட்ட பட்டியல் விலையைக் கேட்கலாம் அல்லது தனி மதிப்பீடு கோரலாம். ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகளும் 700 டன் தோட்டாக்களும் காவல் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. வியாபாரம் இழந்த சில விற்பனையாளர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். எதிர்கால வருமானத்தை இழந்ததற்கு இழப்பீடு இல்லை என்று 2000இல் அவர்களுடைய முறையீடு தள்ளப்பட்டது.

சூழலின் பங்கு

இயக்கத்தின் உறுதியை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் உண்மை பாதிதான். பிரிட்டனில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை அல்ல. தற்காப்பு என்ற காரணம் முன்பே கழிந்துபோயிருந்ததால், எதிர்த்தரப்பிடம் விளையாட்டு என்ற ஒரே காரணம்தான் மிஞ்சியிருந்தது. 'என் குடும்பத்தைக் காக்கத் துப்பாக்கி வேண்டும்' என்று ஒரு தந்தை மேடையில் சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கடினம். 'என் பொழுதுபோக்குக்கு வேண்டும்' என்றால், எதிரில் பிள்ளையை இழந்த தாய் நிற்கும்போது, அந்த வாதம் எடுபடாது. தேர்தலும் ஓராண்டுக்குள் வர இருந்தது.

முந்தைய அனுபவமும் இருந்தது. 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைக் கொன்றான். மறு ஆண்டு வந்த சட்டம் அரைத் தானியங்கி வகை ரைஃபிள்களைத் தடை செய்தது. ஆனால் அவன் ஒரு பிஸ்டலாலும் பலரைக் கொன்றிருந்தான். பிஸ்டலைச் சட்டம் தொடவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து டன்பிளேனில் அந்த விட்டுவைத்தலின் விலை தெரிந்தது. பாதிச் சட்டம் என்ன செய்யும் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

டன்பிளேனுக்கு ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே பன்னிரண்டே நாளில் எல்லா மாநில அமைச்சர்களும் புதிய விதிகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். அங்கே முன்கை எடுத்தவர் பிரதமர் ஜான் ஹோவர்ட். பிரிட்டனில் பொதுமக்கள் இழுத்தார்கள், அரசு பின்னால் வந்தது. நான் டன்பிளேனை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

தடைக்குப் பின்

தடைக்குப் பிறகு துப்பாக்கிக் குற்றம் குறைந்ததா? உடனே குறையவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைத்துப்பாக்கியோடு நடந்ததாகப் பதிவான குற்றங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காயின. தடையை எதிர்த்தவர்கள் இன்றும் இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள், அதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் குற்றங்களில் புழங்கியவை நகரக் கும்பல்களின் கள்ளத் துப்பாக்கிகளும், சுடும்படி மாற்றப்பட்ட போலித் துப்பாக்கிகளும். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இல்லாமல் போனதால் அவை பெருகவில்லை; இருந்திருந்தால் குறைந்திருக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2003இல் கள்ளத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையும், 2006இல் நிஜம்போன்ற போலித் துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடையும் வந்தன. பிறகு எண்ணிக்கை இறங்கியது.

தடை கேட்டவர்கள் கும்பல் குற்றத்தைத் தீர்ப்பதாக வாக்களிக்கவில்லை. இன்னொரு பள்ளியில் இது நடக்கக் கூடாது என்றார்கள். டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டனில் அப்படிப்பட்ட பள்ளிப் படுகொலை நடக்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, டன்பிளேன் குடும்பத்தினர் தங்கள் துயரத்தின் 22ஆம் நினைவு நாளையொட்டி அந்த மாணவர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். சட்டத்தை மாற்ற முடியும், நாங்கள் மாற்றினோம் என்று சொல்ல உலகில் அவர்களைவிடத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஆனால் பிரிட்டனின் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. 2010 ஜூனில் கம்ப்ரியா மாவட்டத்தில் ஒருவன் ஷாட்கன் என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கியாலும் .22 ரைஃபிளாலும் 12 பேரைக் கொன்றான். இரண்டுக்கும் உரிமம் இருந்தது. 2021 ஆகஸ்டில் டெவன் மாவட்டத்தின் பிளிமத்தில் ஐந்து பேரைக் கொன்றவனிடமிருந்து, அடிதடிப் புகாரையடுத்து அவனுடைய ஷாட்கன்னைக் காவல் துறை பறிமுதல் செய்திருந்தது. கொலைக்குச் சில வாரம் முன்பு அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தது. மூன்று வயதுச் சிறுமியும் இறந்தவர்களில் ஒருத்தி. இறப்பு விசாரணையின் நடுவர் குழு காவல் துறையின் உரிமப் பிரிவைக் கடுமையாகக் குறை கூறியது.

1991இல் ஸ்டர்லிங்கில் நடந்ததும் 2021இல் டெவனில் நடந்ததும் ஒரே வகைத் தவறு. ரைஃபிள் கேட்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும்; தடைக்கு முன் கைத்துப்பாக்கிக்கும் அதுவே விதி. ஷாட்கன் கேட்பவருக்கோ, மறுப்பதற்குக் காவல் துறைதான் காரணம் தேட வேண்டும். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் அதிகம் பயன்படுத்துவதால் இந்தச் சலுகை நிலைத்திருக்கிறது. பிளிமத்துக்குப் பிறகு உரிமம் கேட்பவரின் மருத்துவக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. அது நல்லதுதான், ஆனால் மீண்டும் ஒரு அதிகாரியின் கவனத்தை நம்பும் ஏற்பாடுதான். ஷாட்கன்னையும் ரைஃபிளோடு ஒரே விதியின் கீழ் கொண்டுவர வேண்டும், காரணம் காட்டும் பொறுப்பைக் கேட்பவரிடமே வைக்க வேண்டும் என்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டு இயக்கத்தார் கேட்கிறார்கள். பிளிமத்தில் இறந்த குழந்தைக்கு மூன்று வயது என்பதை நினைத்தால், அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற இன்னும் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.